ரேடியோவில் வாசிப்பது யார்?

ஒரேஸ்தேவுக்கு அந்தப் பாட்டு முதலில் பிடிக்கவே இல்லை. காதலியைக் கடற்கரையில் தொலைத்துவிட்டு ஒருவன் புலம்புகிறான். அவன் மூச்சு வாங்கும் இடமெல்லாம் வயலின்கள் பொங்கி வருகின்றன. அந்தக் கோடையில் இத்தாலியின் காஸ்தெல்ஃபிதார்தோ ஊரில் அதைக் கேட்காமல் ஒரு காப்பி குடிக்க முடியாது. ரேடியோக்காரர்கள் போட்டுத் தேய்த்துவிட்டார்கள்.

அந்த வயலின் நம்ம ஒரேஸ்தேதான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அது ஒன்றும் புரளி இல்லை. போன குளிர்காலத்தில் ரோமிலிருந்து பாட்டுக் கம்பெனி ஆள் கூப்பிட்டு, அவன் ரயிலேறிப் போய், இன்னும் ஏழு வயலின்காரர்களோடு உட்கார்ந்து வாசித்துவிட்டு வந்தது உண்மை. சனிக்கிழமை நடன மேடைகளில், அக்கார்டியன்காரர்களின் முதுகுக்குப் பின்னால் இருபது வருடம் வில் இழுத்தவன். இப்போது கறிக்கடைக்காரர் அவனுக்கென்று நல்ல துண்டாக எடுத்து வைக்கிறார். அவனுக்கும் அது பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

எல்லாவற்றையும் கெடுத்தது அவன் மனைவி தீனாதான். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ரேடியோப் பக்கம் காதைத் திருப்பினாள்.

"யோவ், இது நீதானா? எங்க பெட்டி மாதிரில்ல இருக்கு!"

தீனா வேலை பார்ப்பது முன்பு அக்கார்டியன் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனியில். இப்போது அங்கே வேறொரு பெட்டி செய்கிறார்கள். பார்க்க ஆர்மோனியம் மாதிரி இருக்கும். கட்டையை அமுக்கினால் ஒரு வயலின் கூட்டமே வாசிப்பது போலக் கேட்கும். ஒரே சத்தத்தை மூன்றாகப் பிரித்து, ஒன்றை முந்தவிட்டு ஒன்றைப் பிந்தவிட்டு அலையவிடுவதுதான் சூட்சுமம். அந்தச் சர்க்யூட்டின் கம்பிகளை ஈயம் உருக்கி ஒட்டி சால்டர் வைப்பவள் தீனா. இந்தப் பெட்டி வந்த பிறகு, எட்டு பேரைக் கூப்பிட்டுச் சோறு போடும் தொல்லை பாட்டுக் கம்பெனிகளுக்கு விட்டது.

"உளறாதே. எங்க எட்டு பேரோட வில்லுடி அது."

"சரிய்யா, விடு. எனக்கென்ன?"

அவனால்தான் விட முடியவில்லை. அடுத்த முறை பாட்டு வந்தபோது ரேடியோவில் காதை ஒட்டவைத்துக் கேட்டான். அந்தப் பெட்டிக்குப் பின்னால் மெல்லிய இரைச்சல் ஒன்று ஓடும் என்று தீனா சொல்லியிருந்தாள். இரைச்சல் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவன் வீட்டு ரேடியோவில் செய்தி வாசித்தாலும் அதே இரைச்சல். ஓர் இடத்தில் சுரம் இழுத்துக்கொண்டே போனது. வில் திரும்பும்போது விழும் சின்ன இடைவெளியே இல்லை. சரி, மெஷின்தான் என்று முடிவு கட்டினான். எட்டு பேரும் வெவ்வேறு நேரத்தில் வில்லைத் திருப்பினால் அப்படித்தானே கேட்கும் என்று உடனே தோன்றியது. வயலினை எடுத்துக் கூடவே வாசித்துப் பார்த்தான். அன்றைக்கு என்ன வாசித்தோம் என்பதே நினைவில்லை. தாளைக் கொடுத்தார்கள், வாசித்தான், ரயிலைப் பிடித்தான். யாரப்பா அதையெல்லாம் மனதில் வைத்திருப்பார்கள்?

ரோமுக்கு போன் போட்டான்.

"வயலினையும் பதிவு பண்ணினோம், மெஷினையும் பதிவு பண்ணினோம்," என்றார் அவனைக் கூப்பிட்டனுப்பிய ஆள். "கடைசியில எதை வெச்சாங்க, எதைத் தூக்கினாங்கன்னு யாருக்கு ஞாபகம்? பாட்டு ஓடுதுல்ல? போவியா!"

இந்த நேரம் பார்த்து பார் நடத்தும் குயிந்தோ வந்து தோளில் கை போட்டான். ஞாயிற்றுக்கிழமை ஊர்த் திருவிழா. நடனத்துக்கு நடுவே ஒரேஸ்தேவை மேடையேற்றிக் கௌரவிக்கப் போகிறார்களாம்.

"மாஸ்ட்ரோ, கோட்டு போட்டுட்டு வா. மானத்தை வாங்கிராதே!"

ஒரேஸ்தேவுக்குத் தூக்கம் போயிற்று. ஏறினால், இல்லாத பெருமைக்குக் கைதட்டல் வாங்கிய திருடன். ஏறாவிட்டால், நிஜமாகவே தன்னுடையதாக இருக்கக்கூடிய ஒரே பெருமையைத் தானே தூக்கி எறிந்த முட்டாள்.

சனிக்கிழமை மதியம், தீனாவையே உட்காரவைத்துப் பெட்டியோடு ஒப்பிட்டு ஒழுங்காகக் கேட்கச் சொல்லலாம் என்று கம்பெனிக்குப் போனான். சாப்பாட்டு நேரம். வராந்தாவில் கால் வைத்ததும் உள்ளிருந்து அந்த வயலின்கள் பொங்கி வந்தன. அவனுக்குப் புல்லரித்தது. ரேடியோவின் கரகரப்பு இல்லாத, தெளிவான சத்தம். எட்டு பேரும் தெரிந்தார்கள். மூன்றாவது ஆள் மயிரிழை தாமதமாக நுழைகிறான். அது அவனேதான், அவனுடைய பழைய குறை. ரோமிலிருந்து யாரோ ஒலிநாடாவைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அப்பாடா! கண் கலங்கக் கதவைத் தள்ளினான்.

தீனா ஒரு கையில் ரொட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு, மறுகையின் இரண்டு விரலால் பெட்டியை அமுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சுரம் ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது.

"என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? சும்மா டெஸ்ட் பண்றேன். ரேடியோவுல கேட்டுக் கேட்டு விரலே பழகிருச்சு."

"அதுல என் வயலின் கேட்டுச்சுடி."

"ஒருத்தரும் இல்லையே இங்க!"

ஞாயிற்றுக்கிழமை கோட்டு போட்டுக்கொண்டு மேடை ஏறினான். குயிந்தோ மைக்கைக் கையில் திணித்தான்.

"இதை வாசிச்சது நானான்னு எனக்குத் தெரியாது," என்றான் ஒரேஸ்தே. "சத்தியமாத் தெரியாது. நானா இருக்கலாம். என் பொண்டாட்டி தீனா செஞ்ச பெட்டியாவும் இருக்கலாம். கைதட்டறதா இருந்தா அவளுக்கும் சேர்த்துத் தட்டுங்க."

சதுக்கமே சிரித்தது. "பொண்டாட்டிக்குப் பயந்தவன்டா!" என்று எவனோ கத்தினான். தீனாவோடு சால்டர் மேசையில் வேலை பார்க்கும் பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. தீனாவைப் பிடித்து முன்னால் தள்ளி நிற்கவைத்து, அவர்கள்தான் முதலில் தட்டினார்கள், பிறகு எல்லாரும். தீனாவுக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. முகம் சிவந்து, திருமண நாளில் நின்றது போல நின்றாள்.

மேடையிலிருந்து ஒரேஸ்தேவும் தட்டினான். அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. வயிறும் எரிந்தது.