எல்டர் அன்சாவின் ஏழாம் நம்பர்

கானா நாட்டுக் குமாசி நகரின் தாஃபோ பகுதியில் எல்டர் அன்சாவைத் தெரியாதவர் குறைவு. செய்த காரியத்தால் அல்ல, குரலால். முப்பது ஆண்டு கோகோ கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளை எடைபோட்டார். ஓய்வு பெற்றதும் சபையில் மூப்பர் பதவி கிடைத்தது. அதன்பிறகு அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை, சொல்வதோடு சரி. தராசு முள்ளைப் பார்த்தே பிழைத்த மனிதர் கண்ணால் பார்ப்பதை எப்படி நம்பாமல் போனார் என்று வெகுநாள் யோசித்தேன். அவ்வளவு யோசிக்க அந்த மண்டையில் ஒன்றும் இல்லை.

அவர் வீட்டு ஃபிரிட்ஜின் அடியில் உள்ள காய்கறிப் பெட்டி உறைய ஆரம்பித்தது. சேம்பிலைக் கீரை கையில் எடுத்தால் கண்ணாடி போல நொறுங்கியது. வெள்ளைக் கத்தரிக்காய் கல்லாகி, வெளியே வைத்ததும் கறுத்துக் குழைந்தது. மேல்தட்டுப் பாலுக்கோ ஒன்றும் ஆகவில்லை. மேலே சும்மா இருக்க, கீழே மட்டும் உறைவது இயற்கைக்கு விரோதம் என்றார் எல்டர். இயற்கையை அவர் எங்கே படித்தார் என்று கேட்க அந்த வீட்டில் ஆளில்லை.

காய்களைப் பெட்டியில் வைப்பவள் வேலைக்காரி அசிபி. வடக்கிலிருந்து வந்தவள், இருபத்து மூன்று வயது. சபையிலிருந்து ஜெபக்குழு வந்து ஃபிரிட்ஜுக்கு எண்ணெய் பூசியது. கதவில் வழிந்த எண்ணெயைத் துடைத்தவளும் அசிபிதான். மறுநாளும் கீரை உறைந்திருந்தது. அவள் கை சூனியக் கை என்று தீர்ப்பாகிவிட்டது. சனிக்கிழமை அவளை வடக்கே பஸ் ஏற்ற வேண்டும், அவள் சித்தப்பாவுக்குப் போனில் காரணத்தையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் போன் என்ன செய்யும் என்று எல்டருக்குத் தெரியும். சூனியக்காரி என்று பெயர் வாங்கியவளை அவள் ஊரில் வீட்டுக்குள் விடமாட்டார்கள். ஒதுக்கப்பட்ட பெண்களின் முகாமில்தான் மீதி ஆயுள். தெரிந்தேதான் நாள் குறித்தார்.

புதன்கிழமை அசிபி தானே போய்க் கொனாடுவைக் கூட்டிவந்தாள். கப்பலில் வந்து இறங்கும் பழைய ஃபிரிட்ஜ்களைச் சாலையோரத்தில் பழுது பார்ப்பவள் கொனாடு. கதவைத் திறந்தாள். தட்டு நிறையத் தண்ணீர்ப் பாக்கெட்டுகள், பின்சுவர்வரை இறுக்கி அடுக்கியிருந்தன.

"எல்டரய்யா, குளிரைக் கூட்டுற திருகை ஏழுல வச்சது யாரு?"

"நான்தான். பாக்கெட்டை அடுக்குனதும் நான்தான். கரண்டு போறதுக்குள்ள குளிரைச் சேத்து வச்சுக்க வேணாமா? ஊரே அப்படித்தான வச்சுச்சு."

"ஊரு வச்சுச்சு. கரண்டு ஒழுங்கானதும் ஊரு குறைச்சும் வச்சுச்சு. நீங்க?"

"ஏழு கர்த்தரோட எண்ணும்மா."

"அப்ப கீரையை உறைய வைக்கிறது கர்த்தர்தானா?" கொனாடு பாக்கெட்டுகளைத் தட்டினாள். "காத்து வர்ற ஓட்டையை இதுங்க அடைச்சு நிக்குது. குளிரு தட்டுல பரவ முடியாம, சுவரோரமா நேரா கீழ விழுது. மேல இன்னும் குளிரலைன்னு மிஷின் நிக்காம ஓடுது. கீழ கெடக்குற கீரை என்ன பண்ணும்?"

"சாத்தானுக்கும் மிஷின் தெரியும்."

"தெரியட்டும். இன்னைக்கு அசிபி என் வீட்டுக்கு வரட்டும். நாளைக்கு நீங்களே கீரை வாங்கி, நீங்களே உள்ள வைங்க. வேற எதையும் தொட வேணாம். பூட்டிட்டுச் சாவியைப் பையில போட்டுக்கங்க."

தன் பரிசுத்தத்தில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஜெபக்குழுவின் முன்னால் பூட்டைத் திறந்தார். எல்டர் வைத்த கீரை எல்டரின் கையிலேயே நொறுங்கியது. ஜெபக்குழுப் பெண்ணொருத்தி அவருடைய கைகளையே பார்த்தாள். அவர் இரண்டையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

கொனாடு திருகை மூன்றுக்குக் கொண்டுவந்தாள். பாக்கெட்டுகளில் பாதியை எடுத்துவிட்டு, மீதியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாள். "கீரையை இப்ப அசிபி வைக்கட்டும்," என்றாள்.

சனிக்கிழமை காலை கீரை பறித்த மாதிரியே இருந்தது.

"ஜெபம் பலிச்சிடுச்சு. ஆவி ஓடிடுச்சு," என்றார் எல்டர்.

அசிபி அவரை நேராகப் பார்த்தாள். "சித்தப்பாவுக்குப் போன் போட்டீங்களா ஐயா?"

அவர் ஃபிரிட்ஜைப் பார்த்தார். வியாழன் மாலையே போட்டுவிட்டார். சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, சோதனை முடியும்வரை ஓர் இரவுகூடப் பொறுக்காமல் ஒரு பெண்ணின் ஆயுளை முடித்துவைத்திருக்கிறார். இப்படிப்பட்டவரைத்தான் சபை முன்வரிசையில் உட்கார வைக்கிறது.

"இப்பவே போடுங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி போடுங்க."

போட்டார். "ஆவி போயிடுச்சு, பொண்ணு இப்ப சுத்தம்..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு தடவை புகுந்தது மறுபடி புகாதா எல்டர்?" என்றது அந்தப் பக்கக் குரல். "இங்க அனுப்ப வேணாம். எங்களுக்கும் புள்ளைங்க இருக்கு."

"ஆவின்னு ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க," என்றாள் அசிபி. அவள் குரல் உயரவில்லை. வாசலை மறித்து நின்றாள் கொனாடு.

எல்டர் போனை வாயருகே கொண்டுபோனார். "ஆவி இல்ல. திருகை ஏழுல வச்சது நான்தான்."

"ஏழுன்னா?"

தாஃபோவே கேட்ட அந்தக் குரல் அன்று அடுப்பங்கரையைத் தாண்டவில்லை. ஃபிரிட்ஜே இல்லாத ஒரு வீட்டு மனிதருக்கு, திருகு எது, காற்று ஓட்டை எது, பாக்கெட்டை அடுக்கியது யார் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். சித்தப்பா இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார். கடைசியில், "அப்ப தப்பு உங்க மேலதான். பொண்ணு எப்ப வேணா வீட்டுக்கு வரட்டும்," என்று வைத்துவிட்டார்.

அசிபி அன்றே மூட்டை கட்டினாள். வடக்கே போகவில்லை, ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை தேடிக்கொண்டாள். ஞாயிறு ஆராதனையில், தம் ஃபிரிட்ஜுக்குக் கிடைத்த விடுதலையைப் பற்றி எல்டர் சாட்சி சொன்னார். சபை கைதட்டியது. அடுத்த மழைக்கு ஒரு மணிநேரம் கரண்டு போனது. திருகு மறுபடி ஏழுக்குப் போய்விட்டது. இப்போது கீரை உறைகிறது, எல்டரே சுரண்டித் தின்கிறார்.