என்னுரை இல்லாத புத்தகம்

அம்மாவின் சிறுகதைத் தொகுதிக்காக அம்மாவைவிட அப்பாதான் அதிகம் அலைந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வந்த அம்மாவின் கதைகளையெல்லாம் வெட்டி ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தவரும் அவர்தான். "இதப் புஸ்தகமாப் போடாம நான் கண்ண மூட மாட்டேன்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை.

எங்களைத் தேடி எந்தப் பதிப்பகமும் வரப்போவதில்லை. ஆகவே நாங்களே போட்டுக்கொள்வது என்று முடிவானது. சித்தப்பா கண்டி டவுனில் போனும் போட்டோகொப்பியுமாக இருந்த ஒரு கொமியூனிகேஷன் கடையில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்க் கலியாணப் பத்திரிகைகளும் மரண அறிவித்தல்களும் அவர் கைபட்டுத்தான் வெளியே போகும். பக்கங்களை அமைக்கிற பொறுப்பு அவருக்கு. எங்கள் கட்டுகஸ்தோட்டை வீட்டின் முன்னறையில் கணினிக்கு முன்னால் அவரும், பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்திருப்போம். பக்க எண்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்துச் சொல்வது என் உத்தியோகம். ஒன்பது வயதில் அப்படியொரு உத்தியோகம் கிடைத்தால் யாருக்குத்தான் தலைக்கனம் வராது?

அம்மா மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து, ஆசிரியையானவள். பாடசாலை, வீடு, அடுப்படி என்று ஓடுகிறவள் எப்போது எழுதினாள் என்பது எனக்கே தெரியாது. ஆனால் புத்தகத்துக்கு அவள் எழுதிய என்னுரையை நான் பார்த்தேன். எந்தக் கதைக்கும் இல்லாத அடித்தல் திருத்தல் அதில் இருந்தது. நான்கு பக்கம். சித்தப்பா தட்டச்சு செய்ய, நான்தான் வாசித்துக் கொடுத்தேன். "சோறு வேகிற நேரந்தான் என் நேரம்" என்ற வரி மட்டும் இன்னும் மனதில் இருக்கிறது.

இதற்கிடையில் அப்பா வாழ்த்துரை வாங்கக் கிளம்பினார். எங்கள் பக்கத்தில் வாழ்த்துரை இல்லாத புத்தகம் மாலை இல்லாத கலியாணம் மாதிரி. பாடசாலை அதிபர், கல்வி அதிகாரி, கோயில் தர்மகர்த்தா, தொழிற்சங்கப் பெரியவர் என்று ஒருவரையும் அப்பா விடவில்லை. ஹேவாஹெட்டயில் கடை வைத்திருந்த மாமாவும் ஒன்று கொடுத்தார். மாமா ஆயுளில் ஒரு கதையும் படித்தவரில்லை. ஆனாலும் அவருடைய வாழ்த்துரைதான் ஆக நீளம். எல்லாரும் கோட்டுப் போட்ட படமும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள்.

வலப்பக்கந்தான் கௌரவம் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் ஒவ்வொரு பெரியவரும் வலப்பக்கத்தில் வீற்றிருக்க, இடப்பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன.

ஒரு சனிக்கிழமை அச்சகத்திலிருந்து போன் வந்தது. பெரிய தாளில் பதினாறு பக்கங்களைச் சேர்த்து அடித்துத்தான் மடித்து வெட்டுவார்களாம். எங்கள் புத்தகம் அந்தக் கணக்குக்கு மேல் நான்கு பக்கம் கூடிவிட்டது. அதைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் இன்னொரு தாள் ஏற்ற வேண்டும். ஏற்றினால் வெளியீட்டு நாளைக்குள் வேலை முடியாது. அழைப்பிதழோ ஊரெல்லாம் போய்விட்டது.

"அண்ணே, இந்த வெத்துப் பக்கத்துலயும் ஆள்களப் போட்டுருவோமே" என்றார் சித்தப்பா.

"அதிபர் வலப்பக்கம், அதிகாரி இடப்பக்கமா? நல்லா இருக்குடா ஒன் யோசனை."

"அப்ப ஒரு பக்கத்துக்கு ரெண்டு பேர்."

"யார மேல போடுவ, யாரக் கீழ போடுவ?"

சித்தப்பா அடுப்படிப் பக்கம் திரும்பினார். எழுத்தைச் சின்னதாக்கலாமா என்று அம்மாவைக் கேட்டார். "வேணாம் தம்பி, தோட்டத்துல வயசானவங்களும் படிக்கணும்" என்றாள் அம்மா. ஒரு கதையை எடுத்துவிடலாமா என்று கேட்டதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கதையில மட்டும் கை வைக்காத!" என்று கத்தினார். அம்மாவின் கதைகள் மேல் அவருக்கு அவ்வளவு உயிர். அதில் பொய்யே கிடையாது.

அம்மா அடுப்படி வாசலில் நின்றபடி சொன்னாள்: "அப்ப என்னுரைய எடுத்துருங்க."

அப்பாவின் முகம் சட்டென்று தெளிந்தது. "அதுவும் சரிதான். மேடையில ஏற்புரை இருக்குல்ல, எல்லாத்தையும் அங்க சொல்லிரு" என்றார்.

சித்தப்பாவின் கை மவுஸில் அப்படியே நின்றது. "அண்ணி, யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிக்க என்ன தம்பி இருக்கு? எடுங்க."

எடுத்தார். பக்க எண்கள் கச்சிதமாக வந்து நின்றன. நான் கைதட்டினேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

வெளியீட்டு விழாவுக்குக் கண்டியில் ஒரு மண்டபம் எடுத்திருந்தோம். புத்தகத்தில் வாழ்த்தியவர்கள் மேடையிலும் ஒருமுறை வாழ்த்தினார்கள். மாமா அங்கேயும் மாமாவாகவே இருந்தார். அம்மாவின் முறை வந்தபோது, பின்வரிசைக் கதிரைகளுக்கு வெள்ளை உறை போடத் தொடங்கிவிட்டார்கள். மாலையில் அங்கே ஒரு கலியாண வரவேற்பு. "டீச்சர், ரெண்டு நிமிஷம்" என்று விழாத் தலைவர் காதோரம் சொன்னார். அம்மா கையிலிருந்த தாள்களை மடித்தாள். "வந்த எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எப்பேர்ப்பட்ட அடக்கம் என்று எல்லாரும் மெச்சினார்கள். அப்பா சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் கலையும்போது, மடுல்கெல்லயில் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டிலிருந்த பெரியம்மா ஒருவர் புத்தகத்தோடு வந்தார். அதை முன்னும் பின்னும் புரட்டினார்.

"இவ்வளவு பேரு பேசியிருக்காங்க. நீ எங்கம்மா பேசியிருக்க?"

"நான் கதைக்குள்ள இருக்கேன் அக்கா" என்றாள் அம்மா.

என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. முழுப் புத்தகத்தையும் பக்கம் பக்கமாகப் பார்த்தவள் நான் அல்லவா? "இல்ல பெரியம்மா, அம்மா பொய் சொல்றாங்க. எல்லாக் கதையும் நான் பாத்தேன். அம்மா ஒரு எடத்துலயும் இல்ல" என்றேன் உரக்க.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அம்மா மட்டும் என் தலையை இழுத்து வயிற்றோடு வைத்துக்கொண்டாள்.

"ஆமாடி, ஒரு எடத்துலயும் இல்லதான்" என்றாள்.

நான் சொன்னதுதான் சரி என்று அம்மாவே ஒப்புக்கொண்டதில் எனக்கு அன்று முழுக்க ஒரே குதூகலம்.