குழாய் டாக்டர்

குழாயைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துத்தான் கேட்பார் எங்கள் டாக்டர். "வயித்துலயா தம்பி, இல்ல அதுக்கும் கீழயா?" கையில் அழுக்கே இருக்காது, அப்போதுதான் கழுவியிருப்பார். ஆனாலும் விரல் விரலாகச் சோப்புத் தேய்த்தபடி அடுத்த கேள்வியைப் போடுவார். "மீசை முளைக்கிற வயசுல உடம்பு என்னென்னமோ பண்ணும். என் உடம்பும் பண்ணுச்சு. உனக்கு என்ன பண்ணுது?"

முகத்தைப் பார்த்துக் கேட்டால் பதிமூன்று வயசுப் பையன் வாயைத் திறக்கமாட்டான். சுவரிடம் கேட்டால் சொல்லிவிடுவான். அதனால்தான் எங்கள் மருத்துவமனையில் அவருக்குக் குழாய் டாக்டர் என்று பெயர். "இந்த மனுஷனுக்குன்னே தனியாத் தொட்டி கட்டணும்" என்று மேலாளர் முனகுவார்.

குழாயைத் திறப்பதற்கு முன்னால் பெற்றவர்களை வெளியேற்ற வேண்டும். "எங்க வலிக்குது தம்பி?" என்று இவர் கேட்டது பையனை. பதில் வருவது அம்மாவிடமிருந்து, மூச்சே விடாமல்: "வயிறுதான் டாக்டர், வெளிய கண்டதையும் வாங்கித் திங்கிறான், சொன்னா கேட்டாத்தானே, இவங்கப்பா குடுக்கிற செல்லம்..." இவர் தன் வழக்கமான மூக்கால் இழுக்கிற குரலில், "வலி உங்களுக்காம்மா, அவனுக்கா? பத்து நிமிஷம் வெளிய உக்காருங்க" என்பார். ஊசி போடுகிற நானும் வெளியேதான். கதவு சரியாகச் சாத்தாது. அவர் குரல் கேட்கும். பையனின் பதிலைத் தண்ணீர்ச் சத்தம் விழுங்கிவிடும். "இங்க பேசுறது இங்கயே இருக்கும். ஆபத்துன்னா மட்டும் வீட்ல சொல்வேன். அதையும் உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்வேன்."

முன்பெல்லாம் இப்படி இல்லையாம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வயிற்றுவலி என்று ஒருவன் வந்தான். அம்மா பக்கத்திலேயே நின்றாள். மருந்து எழுதி அனுப்பிவிட்டார். வலி வயிற்றில் இல்லை. அதற்கும் கீழே, விதைக்கொட்டை முறுக்கிக்கொண்டு ரத்தம் போகாமல் கிடந்திருக்கிறது. மறுநாள் அதை எடுத்துப்போட வேண்டியதாகிவிட்டது. "அவன் சொல்லலன்னு நான் சொல்ல முடியாதுப்பா. நான் கேக்கவே இல்ல" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். எல்லாருடைய குரலையும் நடித்துக் காட்டுகிற நான், அந்தக் குரலை மட்டும் யாருக்கும் செய்து காட்டியதில்லை.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு லாரி டிரைவர் மகனை இழுத்துக்கொண்டு வந்தார். பையன் பாதியாக மடங்கி நடந்தான். "காலைலருந்து வயித்துவலிங்கிறான். நாளைக்குப் பரீட்சை. நடிக்கிறான் டாக்டர்." டிரைவரும் நானும் வெளியே வந்தோம். உள்ளே தண்ணீர் ஓடியது.

"வயித்துலயா, அதுக்கும் கீழயா?"

தண்ணீர்.

"அங்க வலிக்குதுன்னு வர்றவன் நீ மொத ஆளு இல்லடா. கேக்குற எனக்கே வெக்கமில்ல. உனக்கென்ன?"

தண்ணீர், வெகுநேரம். சட்டென்று குழாய் நின்றது. "எத்தன மணிக்கு ஆரம்பிச்சுது?" அந்தக் குரலில் இழுவை இல்லை.

பையனின் சம்மதத்தைக் கேட்டுவிட்டு என்னைத் துணைக்குக் கூப்பிட்டு, திரை போட்டுப் பார்த்தார். பிறகு அவனிடம், "இத அப்பாகிட்டச் சொல்லியாகணும். நீ சொல்றியா, நானா?" என்றார். "நீங்களே" என்றான் பையன், உதடு மட்டும் அசைய. மாடியிலிருந்த அறுவை டாக்டருக்குப் போன் பறந்தது. "நாலரை மணி நேரம் ஆச்சுய்யா. ஆறு மணி நேரம் தாண்டினா காப்பாத்துறது கஷ்டம். சாப்பாட்ட மூடி வச்சுட்டு வா."

அறுவை அறை வாசலில் டிரைவர் உட்காரவே இல்லை. குழாய் டாக்டரும்தான். ஒரு மணி நேரம் கழித்து அறுவை டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு வந்தார். "பிரிச்சுவிட்டாச்சு. ரத்தம் ஓடுது. பொழச்சுது."

டிரைவர் தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "பெத்தவன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா டாக்டர்? வெளிய வரட்டும், நாலு வைக்கிறேன்."

"உங்க பையன் வயசுல உங்களுக்கு இதெல்லாம் யாரு சொன்னாங்க?"

"எனக்கா? எங்கப்பாவா? நீங்க வேற." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

குழாய் டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்து அவரை உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பி முழங்காலில் வைத்துக்கொண்டு, பையனுக்குள் எது முறுக்கிக்கொண்டது என்று மெதுவாகப் படம் வரைய ஆரம்பித்தார்.