கவண் மாரி

"…மாரின்னா மழதானே முத்தண்ணே, கவண் கல்ல மழையாட்டம் கொட்டப் போறாங்களாம், என் ரெண்டு காதால கேட்டுட்டு வந்து சொல்றேன், நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்" என்று மூச்சு வாங்கியபடி எங்கள் முன்னால் வந்து நின்றாள் வள்ளி. பாவாடை முழுக்கப் பால் சிந்தியிருந்தது. கிட்டப் போனால் பச்சைப்பால் வாடை அடித்தது. கையிலிருந்த செம்பு காலி.

வள்ளி என் பெரியப்பா மகள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவளுக்குப் பதினொரு வயது, எனக்கு ஒன்பது. அவள் கொண்டுவந்த அந்தச் சேதி எங்கள் ராஜ்யத்தையே கவிழ்க்கப் பார்த்தது. ராஜ்யம் என்றதும் சிரிக்காதீர்கள், உண்மையாகவே ஒன்று இருந்தது.

டத்தோ கெராமாட் சாலைக்குப் பின்னால் எங்கள் சந்தில் மூன்று அரச குலங்கள் வாழ்ந்தன. மாடு வைத்துப் பால் ஊற்றிய எங்கள் வீடு "பால் குலம்". துணி வெளுத்த கோவிந்தன் வீடு "வெள்ளைக் குலம்". மாட்டுவண்டி ஓட்டியவர் வீடு "சக்கரக் குலம்". ஊரிலிருந்து நாடகக்காரர்கள் வந்து கொட்டகை போட்டு ஒரு மாதம் ஆடிவிட்டுப் போன பிறகு நாங்களே எங்களுக்குச் சூட்டிக்கொண்ட பட்டங்கள் இவை. பெரியவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் வாங்கிக் குடிக்கவே யோசித்த அந்தக் காலத்தில், மூன்று குலமும் சரிசமமான ராஜ பரம்பரை என்பதில் எங்களுக்கு மட்டும் சந்தேகம் வந்ததே இல்லை.

இந்தக் கூட்டணிக்குச் சட்டம் ஒன்றுதான்: எது நடந்தாலும் முதலில் தூது. பெரிய தர்ம சிந்தனை என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று குலத்தையும் கூட்டினால் எட்டுப் பேர், அதில் இரண்டு பேருக்கு எப்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். சண்டை என்று போனால் தோற்பது உறுதி. கோவிந்தனின் அம்மா அஞ்சலையம்மா துணி பிழிந்துகொண்டே எங்களைப் பார்த்துக் கத்துவதைத்தான் சட்டமாக எடுத்துக்கொண்டோம்: "பேசித் தொலைங்கடா, அடிச்சுத் தொலையாதீங்க. ரத்தக் கறைய எவ தொவைக்கிறது."

வம்பு வந்தது என் அண்ணன் முத்துவால். கூட்டணிக்கு அவன்தான் பேரரசன். எங்கள் சந்தை ஒட்டி ஒரு மலாய்க் கம்பம், மலாய்க்காரர்களின் சின்னக் குடியிருப்பு, இருந்தது. அதன் வழியாகத்தான் மாடுகளைத் திடலுக்கு ஓட்டிப் போக வேண்டும். அங்கே வேலிக்கு மேலே தெரிந்த மாங்காய்க்கு அவன் விட்ட கல், ஒரு வீட்டுப் படியடியில் கால் கழுவ வைத்திருந்த தாழியை உடைத்துவிட்டது. இரண்டு நாள் அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வழியை அடைத்துவிட்டால் அப்பாவிடம் என்ன சொல்வது?

யாரைத் தூது அனுப்புவது என்று சபை கூடியபோது, அண்ணன் வள்ளியைக் கை காட்டினான். சந்தில் எல்லோரும் அவளைக் "கப்பல் புதுசு" என்று கேலி செய்து எந்த ஆட்டத்திலும் சேர்க்காமல் வைத்திருந்தோம். ஆனால் நாடகத்து வசனம்போல மூச்சு விடாமல் பேச அவளால்தான் முடியும். "தூத முடிச்சிட்டு வா, அப்புறம் நீயும் பால் குலம்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் விடிந்ததிலிருந்து தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மலாய் ஒரு சொல்கூடத் தெரியாதவளை மலாய்க் கம்பத்துக்கு அனுப்புகிறோம் என்பது எட்டுப் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தூதர் என்றால் நல்ல தமிழ் பேச வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த ராஜதந்திரம்.

மன்னிப்புக் காணிக்கையாக ஒரு செம்புப் பாலோடு போனவள், வேலிக்கு வெளியே நின்று தன் வசனத்தை முழுக்கச் சொல்லியிருக்கிறாள். உள்ளேயிருந்து பல குரல்கள் ஒன்றாகக் கூவியிருக்கின்றன. அது "கவண் மாரி" என்று காதில் விழுந்ததும் பாலைச் சிந்திக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

நாங்களும் தினமும் கடைத்தெருவில் மலாய் பேசுகிறவர்கள்தான். ஆனால் வள்ளி தமிழில் சொன்னாள், நாங்களும் அதைத் தமிழாகவே கேட்டோம். தூதுச் சட்டம் அந்த நிமிடமே காற்றில் பறந்தது. அண்ணன் கவணைத் தேடினான். நானும் வள்ளியும் பாவாடை மடியில் கல் பொறுக்கினோம். எல்லோருமாக வேலியருகே போய்ப் பதுங்கியபோதுதான், கம்பத்துக்குள் துணி கொடுத்துவிட்டுக் கோவிந்தன் வெளியே வந்தான்.

"என்னடா இது, மடியில என்ன, கல்லா?"

"அவங்க கவண் மாரின்னு சொல்லிட்டாங்கடா" என்றான் அண்ணன்.

கோவிந்தன் துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு வள்ளியைப் பார்த்தான். "அவங்க சொன்னத, அவங்க சொன்ன மாதிரியே சொல்லு பாப்போம்."

வள்ளி தயங்கித் தயங்கி, ராகம் மாறாமல் சொன்னாள்: "கவா…ன், மாரி."

கோவிந்தன் அப்படியே கூடைமேல் உட்கார்ந்துவிட்டான். "அட கப்பல் புதுசே. கவான்னா கூட்டாளி. மாரின்னா வா. கூட்டாளி, வாங்கன்னு கூப்ட்டிருக்காங்க. அந்தத் தாழி ஏற்கெனவே விரிசல் விட்டதாம், உள்ள ஒருத்தருக்கும் கோவமே இல்ல. அந்தப் பொண்ணு ஏன் ஓடிடுச்சுன்னு என்கிட்ட கேட்டாங்க."

எல்லோரும் சிரித்தோம். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை, கவணை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "தூது கெட்டுப் போச்சு. இவளச் சேத்துக்க முடியாது" என்றான்.

"கெடலண்ணே" என்றான் கோவிந்தன். "பதில் இன்னும் போகலயே. போனவதான பதிலும் கொண்டு போவணும்?"

இப்போது அந்த வேலி இருந்த இடத்தில் வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. திடல் இல்லை, மாடுகளும் இல்லை. வெள்ளைக் குலத்தார் எங்கே குடிபோனார்கள் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. எங்கள் மூன்று குலங்களைப் பற்றிப் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால், எந்தப் படத்தில் வருகிறது என்று கேட்கிறார்கள். அங்கே வண்டியை நிறுத்துகிறவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று சில நாள் நின்று கேட்டுப் பார்ப்பேன். ஒருவரும் கூப்பிடுவதில்லை, ஆரன் அடிக்கிறார்கள்.

அன்று எல்லோரும் வள்ளியையே பார்த்தோம். அவள் முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. மடியைப் பிரித்துக் கற்களை முத்தண்ணன் காலடியில் கொட்டினாள். காலிச் செம்பை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள். விடிந்ததிலிருந்து மனப்பாடம் செய்திருந்த வசனத்தில் ஒரு சொல்லையும் சொல்லாமல், எங்கள் எட்டுப் பேருக்கும் கேட்கும்படி உரக்கக் கூப்பிட்டாள்:

"கவான், மாரி."