மரத்துக்கு வசனம் இல்லை

சின்ன வயதில் அவள் வாங்கிய திட்டெல்லாம் ஒரே திட்டுதான். மரம் மாதிரி நிற்காதே என்று அம்மா திட்டுவாள், கணக்கு வாத்தியார் திட்டுவார், கடை வரிசையில் பின்னால் நிற்பவர்கள் திட்டுவார்கள். நிற்பதில் என்ன குறை என்று அவளுக்கு விளங்கியதே இல்லை. நின்றால்தானே நாலு விஷயம் காதில் விழும். அப்படி நிற்பதற்காகவே ஒரு நாள் மேடையேற்றிக் கைதட்டுவார்கள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், அம்மா வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள்.

பகலில் அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து படுக்கை விரிப்புகள் சூடு ஆறாமல் வந்து விழும். ஒரு முனையை இவள் பிடிக்க, எதிர்முனையை இன்னொருத்தி பிடிக்க, இழுத்து உதறி, நடந்து நெருங்கி மடித்து, விலகி, மறுபடி நெருங்குவார்கள். இயந்திர இரைச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. கனவு காண்பதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. கை பாட்டுக்கு மடிக்கும், மனசு பாட்டுக்கு எங்கேயோ போய்விட்டு வரும்.

நாடகக்குழுவின் இயக்குநர் அவளைக் கண்டுபிடித்தது அங்கேதான். மேடைத் திரையைக் காதும் காதும் வைத்த மாதிரி ஆஸ்பத்திரி இயந்திரத்தில் துவைத்துக்கொண்டு போக வந்த மனிதர் அவர். திரை சுற்றி முடிகிறவரை இவள் அசையாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, நடிக்க வருகிறாயா என்று கேட்டார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என்ன வேஷம் என்றாள். மரம் என்றார்.

அது அவரே எழுதிய நாடகம். ஒரு சிறுமி வீட்டுக் கொல்லையில் கன்று ஒன்றை நடுகிறாள். அவள் வளர வளர அதுவும் வளர்கிறது. முதல் அங்கத்தில் முழங்கால் உயரம், இரண்டாவதில் ஆள் உயரம், மூன்றாவதில் கிளை விரித்த மரம். அதன் அடியில் நரைத்த தலையோடு அதே பெண். கதை எழுதுகிறவர்களுக்கு மரத்தின் மேல் எப்போதும் ஒரு கண். ஒருத்தி மனசுக்குள் வளர்வதை எப்படிக் காட்டுவது? தலையைத் திறந்தா காட்ட முடியும்? உடனே ஒரு கன்றை நட்டுவிடுவார்கள். அவளுக்குத் துக்கம் வந்தால் அது இலை உதிர்க்க வேண்டும், அவள் தேறி எழுந்தால் அது துளிர்விட வேண்டும். வேஷம் கிடைத்த நாளிலிருந்து இவள் நூலகத்தில் நாவல் நாவலாக எடுத்து வந்து படித்தாள், தன் இனத்தார் மற்றக் கதைகளில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதற்காக. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். எந்தக் கதையிலும் மரத்தைச் சும்மா நிற்கவே விடுவதில்லை. யாரோ வளர்வதற்காக அது பாடுபட்டுக்கொண்டே இருக்கிறது.

ஒட்டுப்பலகையில் மரம் செய்துவிடலாம் என்று எத்தனையோ பேர் சொல்லியும் இயக்குநர் கேட்கவில்லை. பலகை காது கொடுத்துக் கேட்காது என்பது அவர் கட்சி. ஆகவே தலை முதல் கால் வரை பட்டை நிறச் சாக்கில் ஓர் உறை. கண்ணுக்குக்கூட ஓட்டை கிடையாது. கைகள் மட்டும் இலைக்கொத்துகளோடு வெளியே தெரியும். முதல் அங்கம் முழுக்கக் குந்தியிருக்க வேண்டும். அதன்பின் எப்போது எழுவது, எவ்வளவு எழுவது என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. மேடையில் நடப்பதைக் கேட்டுக்கொண்டே இருந்து, அந்தப் பெண் உண்மையாகவே கொஞ்சம் வளர்ந்துவிட்டாள் என்று தோன்றுகிறபோது ஒரு விரற்கடை எழ வேண்டும். அவ்வளவுதான் நடிப்பு.

உறைக்குள் போனதும் உலகம் தள்ளிப் போய்விடும். விளக்கின் வெளிச்சம் சாக்கின் இழைகளுக்குள் புகுந்து பொடிப் பொடியாக உதிரும். குரல்கள் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல வரும். கொஞ்ச நேரத்தில் முழங்கால் வலி தன்னுடையதில்லை என்று ஆகிவிடும். கால் விரல்கள் மேடைப் பலகையைப் பிளந்து, கீழே சாமான் பெட்டிகளைத் தாண்டி, தெருவுக்கும் அடியில் தண்ணீர் தேடிப் போவதுபோல இருக்கும். தலைக்கு மேலே ஒரு பெண்ணின் வாழ்க்கை நடந்துகொண்டிருக்கும். அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறாள், அப்பாவைப் பறிகொடுக்கிறாள், வீட்டை விட்டுப் போகிறாள், திரும்பி வருகிறாள். அதையெல்லாம் கேட்டுக் கேட்டு இவள் அங்குலம் அங்குலமாக எழுவாள். கதாநாயகி வேஷத்துக்கு வந்த பெண்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மரம் மாறவில்லை. குழுவில் அவளுக்கு மரத்தக்கா என்றே பெயர் ஆகிவிட்டது.

நாடகம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். சாக்குக்குள் உதடுகள் கூடவே அசைவது யாருக்கும் தெரியாது. சில சமயம், அடுத்தவளுக்காக இத்தனை தடவை வளர்ந்தோமே, நாம் எப்போதாவது வளர்ந்தோமா என்று தோன்றும். அதற்குள் கைதட்டல் வந்துவிடும்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். தங்கமான மனிதர், நாக்கு மட்டும் சும்மா இருக்காது. தானும் தினம் ஆட்களை மேலே ஏற்றி இறக்குவதாகவும், தனக்கு எவரும் கைதட்டுவதில்லை என்றும் அலுத்துக்கொள்வார். மாலையில் பைக்கில் அவளைக் கொண்டுவந்து அரங்க வாசலில் விட்டுவிட்டு, எதிர் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட உள்ளே வந்ததில்லை. சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கிற பெண்டாட்டியைப் பார்க்க டிக்கெட் எதற்கு என்பார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அதனால்தான் அவளுக்கு அது அப்படி வலித்தது.

ஒரு நாள், மூன்றாம் அங்கத்தில் கிழவியாக வரும் நடிகை மகளோடு வெளியூர் போய்விட்டார். வசனம் தெரிந்தவர் யார் என்று இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டபோது, எனக்குத் தெரியும் என்று ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு நாள் பழகியும் அந்தக் குரல் அவர்களுக்குப் பழக்கமாகவில்லை. அவள் நின்ற இடத்திலேயே மூன்றாம் அங்கத்தை முழுக்கச் சொல்லி முடித்தாள். வேஷம் அவளுக்கே ஆயிற்று. மரமாக நிற்க, வாசலில் டிக்கெட் கிழிப்பவரைப் பழக்கினார்கள்.

அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போது அவள் கணவரிடம் சொன்னாள்.

"இந்தத் தடவ எனக்கு வசனம் இருக்கு. நீங்க வந்து பாக்கணும்."

அவர் கேலி செய்ய வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வருகிறேன் என்றார். சொன்னபடியே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, மீசையைத் திருத்திக்கொண்டு வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்தார். திரை இடுக்கு வழியாக அதைப் பார்த்தபோது அவளுக்கு வயசு பாதியாகக் குறைந்துவிட்டது. ஊரே எழுந்து போனாலும் சரி, அந்த ஒரு நாற்காலியில் ஆள் இருந்தால் போதும் என்று நினைத்தாள். தான் வெறும் சாக்குமூட்டை இல்லை என்று அந்த ஒரு மனிதர் பார்த்துவிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

மணி அடிக்கப் போகிற நேரத்தில் டிக்கெட் கிழிப்பவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. குந்தியவரால் நிமிர முடியவில்லை. மரம் இல்லாமல் நாடகம் இல்லை. இயக்குநருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரையை விலக்கிச் சபையைப் பார்த்தார். முதல் வரிசையில் வாட்டசாட்டமாக ஒருவர் இருந்தார், லிஃப்ட் குழிக்குள் குந்திப் பழகியவர், இருட்டுக்குப் பயப்படாதவர். கண்மூடித் திறப்பதற்குள் அவரை உள்ளே இழுத்து வந்துவிட்டார்கள். மனைவிக்கு உதவி என்று நினைத்து அவரும் சந்தோஷமாகவே தலையாட்டினார்.

வாழ்நாளில் ஒரு தடவை பார்க்க வந்தவரை, கண்ணில்லாத சாக்குக்குள் போட்டு மூடப் போகிறார்கள். அதையும் அவள் தன் கையாலேயே செய்ய வேண்டியிருந்தது. இலைக்கொத்துகளை அவர் கையில் இறுக்கிக் கட்டினாள்.

"எப்ப வளரணும்னு யாரு சொல்லுவா?" என்று சாக்குக்குள்ளிருந்து கேட்டார்.

"யாரும் சொல்ல மாட்டாங்க. கேட்டுக்கிட்டே இருந்தா தெரியும். அவசரப்படாதீங்க."

அவசரப்பட்டார். முதல் அங்கத்தில் சிறுமி தண்ணீர் ஊற்றிவிட்டு முதுகைத் திருப்புவதற்குள் கன்று இடுப்பு உயரத்துக்கு எழுந்துவிட்டது. சபையில் சிரிப்பு. கன்று வெட்கப்பட்டு மறுபடி குந்திக்கொண்டது. அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. மேடைப் பக்கவாட்டில் நரைமுடி வைத்துக்கொண்டு நின்ற அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அதற்குப்பின் என்ன ஆயிற்றோ, சாக்கு அடங்கிவிட்டது. இரண்டாம் அங்கத்தில் அந்தப் பெண் அப்பாவின் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டு உள்ளே போவாள். இவள் எப்போதும் எழுவது அந்த இடத்தில்தான். அந்த இடத்தில் மரம் எழுந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், விரற்கடை விரற்கடையாக, வலியோடு எழுந்தது. இலைகள்கூடச் சலசலக்கவில்லை. ஓரத்தில் நின்று பார்த்தவளுக்குத் திகைப்பாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. தன் மரத்தை அவள் வெளியே நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. இவ்வளவு அழகாகவா இருந்தது அது?

மூன்றாம் அங்கம். அவள் மேடைக்குள் நடந்தாள். குரல் முதலில் சலவைக்கூடத்தில் பேசுகிற மாதிரி சத்தமாக வந்தது, பிறகு தணிந்து தன் இடத்துக்கு வந்துவிட்டது. வருஷக்கணக்காக உதட்டுக்குள் சொல்லிப் பார்த்த சொற்கள், சபை முழுக்கக் கேட்கும்படி ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஊசி விழுந்தால் கேட்கும். இது கனவு, இப்போது யாராவது விரிப்பின் மறுமுனையை இழுப்பார்கள் என்று ஒரு கணம் நினைத்தாள். யாரும் இழுக்கவில்லை. முதல் வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

கடைசிக் காட்சியில் கிழவி மரத்தின்மேல் கை வைத்து, "நான் வளந்ததையெல்லாம் நீ பாத்துக்கிட்டே இருந்தியே" என்று சொல்ல வேண்டும். மரமாக நின்றபோது அந்தக் கை அவள் மேல் எத்தனை முறை பட்டிருக்கிறது. இன்று அவள் கை வைத்தாள். சாக்குக்குள்ளே மார்பு ஏறி இறங்குவது உள்ளங்கையில் தெரிந்தது. வீட்டில் தினம் பக்கத்தில் கேட்கிற அதே மூச்சு. வாயைத் திறந்தாள். அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"நான் வளந்தத நீங்க பாக்கவே இல்லையே," என்றாள்.

பக்கவாட்டில் இயக்குநர் கையிலிருந்த தாள்களைக் கீழே விட்டார். சபைக்கு ஒன்றும் தெரியாது, அதுவும் நாடகம் என்றே இருந்தது. மரம் அசையவில்லை. மரத்துக்கு வசனம் இல்லை என்று அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். இலை கட்டிய கைகளை மெல்லத் தாழ்த்தினார். இரண்டு கையாலும் சாக்கின் வாயைப் பிடித்து, தலைக்கு மேலாக இழுத்துக் கழற்றினார். வேர்த்துக் கொட்டிய நெற்றியில் சாக்கின் சாயம் வழிந்திருந்தது. மீசையில் சாக்கு நார் ஒட்டியிருந்தது. கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

கிழவிக்கு இன்னும் நாலைந்து வரி வசனம் பாக்கி இருந்தது. அவள் ஒன்றையும் விடாமல், நிறுத்தி நிதானமாக, அந்த முகத்தைப் பார்த்தே சொன்னாள். அவர் கண் இமைக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.