அன்சூரத் என்று வைத்த பெயர்

முப்பத்தொரு ஆண்டுகளில் மவ்ஜூதா நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறார். எல்லாம் தாஜிக் மலைக் கிராமங்களைப் பற்றிய ஆய்வு நூல்கள்: கல்யாணம், தண்ணீர்ப் பங்கீடு, சாவுச் சடங்கு. எதுவும் முந்நூறு பிரதிகளைத் தாண்டாது. தலைநகர் துஷான்பேயில் எங்கள் பதிப்பகத்தில் அவருக்கு எதிர் மேசை என்னுடையது. ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் அவர் அலமாரியில் வைத்துக்கொள்வதில்லை.

ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன கணவர்கள் அங்கிருந்து தொலைபேசியிலேயே விவாகரத்து சொல்லிவிட்ட பெண்களைப் பற்றிய நூல் அது. ஆய்வாளர் பெயர்களை மறைத்து, வெறும் எழுத்துகளாகப் போட்டிருந்தார். நூலை வெளியிட வேண்டிய மாநாட்டுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

"இது பொம்பளைங்க கதையா, அல்ஜீப்ராவா?" என்றார் மவ்ஜூதா. ஆய்வாளரிடம் போனில் சம்மதம் வாங்கி, ஒரே மதியத்தில் பதினான்கு பெயர்கள் வைத்தார். ஆய்வு நடந்தது ஸரஃப்ஷான் பள்ளத்தாக்கில். அவர் பிறந்த ஊரும் அங்கேதான் என்பதால் பெயர்கள் தாமாக வந்தன. விவாகரத்துக்குப் பிறகு ஒரு லாரி ஓட்டுநரோடு ரகசியமாகப் பழகிய பெண்ணின் பேச்சு அவரை மிகவும் கவர்ந்தது. தனக்கு மிகப் பிடித்த பெயரை அவளுக்குக் கொடுத்தார். பள்ளியில் தன் பக்கத்தில் உட்கார்ந்த சிநேகிதியின் பெயர்: அன்சூரத்.

நூல் வந்ததும் ஆய்வாளர் மரியாதைக்காகப் பள்ளத்தாக்கின் பள்ளிகளுக்குப் பத்துப் பிரதிகள் அனுப்பினார்.

ஜூன் மாதம் நிஜ அன்சூரத் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அவர் கணவரும் ரஷ்யாவில்தான். மவ்ஜூதா தேநீர் ஊற்றி ரொட்டியைப் பிய்த்து வைத்தார். அன்சூரத் தொடவில்லை.

"உனக்கு வேற பேரே கிடைக்கலையாடி?"

"உன் பேரு எனக்குப் பிடிக்கும்."

"பிடிச்சா உன் மகளுக்கு வச்சிருக்க வேண்டியதுதானே. வாத்தியார் என் மாமியாருக்குப் படிச்சே காட்டிட்டார். தலைநகர்ல அச்சடிச்சது பொய்யா இருக்குமான்னு கேக்குறா."

"அது நீ இல்லைன்னு நான் எழுதித் தர்றேன்."

"அப்ப யாரு? அவ பேரைச் சொல்லு, போதும்."

ஆய்வாளரின் குறிப்பேடுகள் மவ்ஜூதாவின் கை வழியாகத்தான் போயிருந்தன. அந்தப் பெண் யார், எந்த வீடு என்று அவருக்குத் தெரியும்.

"அதைச் சொல்லக் கூடாதுடி."

"என் பேரைப் போடலாம், அவ பேரைச் சொல்லக் கூடாதா?"

புத்தகத்துக்குள் செருக ஒரு திருத்தத் தாள் அச்சடித்துத் தரும்படி எங்கள் இயக்குநர் ரஜபலியிடம் இருவரும் கேட்டார்கள். "தாள் போட்டா இதுவரைக்கும் படிக்காதவனும் அந்தப் பக்கத்தைத் தேடுவான், அக்கா," என்றார் அவர். அதுவும் சரிதான்.

மறு வாரம் மவ்ஜூதா பஸ் பிடித்து ஊருக்குப் போனார். அன்சூரத்தின் மாமியார் அவரை வாசலிலேயே நிறுத்தினார். "நீ அவ சிநேகிதி. வேற என்ன சொல்லுவே?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்.

திரும்பி வந்த பிறகு என்னிடம் ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினார். "பேருக்குப் பதிலா இருந்த அந்த எழுத்துங்களே நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். உயிர் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு வேலையைக் கெடுத்துவிட்டாராம். நான் ஆறுதலாக எதையோ சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

ஆகஸ்டில் அன்சூரத்தின் கணவர் மாஸ்கோவிலிருந்து வந்தார். மூன்றாம் நாள் மனைவியையும் இரண்டு மகள்களையும் பஞ்சகந்த் நகரத்தில் இருக்கும் மனைவியின் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பள்ளி திறக்கும் செப்டம்பர் முதல் தேதியிலிருந்து பிள்ளைகள் அங்கேதான் பள்ளிக்குப் போகப்போகிறார்கள்.