கட்டஞ்சாயா பிடித்துவைத்த இரும்பு

மண்டைக்காடு பக்கம் ஒரு முந்திரி ஆலையில் தோல் உரிக்கிறேன். ரத்தக்குறைவுக்கு மூன்று மாதம் இரும்பு மாத்திரை தின்றும், நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. ஒருநாள் வேலைக்கு நடுவே மயங்கியே விழுந்தேன்.

"உங்க மாத்திரை கொள்ளாது, ஒண்ணுக்கும் உதவல" என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

"எத குடிச்சு முழுங்குறீங்க?"

"பாலு விடாத கட்டஞ்சாயாதான்!"

அவர் சிரித்துவிட்டார். சிறுகுடல் உறிஞ்ச வேண்டிய இரும்பைச் சாயா பிடித்துவைத்துக்கொள்ளுமாம்.

அவர் சொன்னபடி மாத்திரைக்கு எலுமிச்சைத் தண்ணீருக்கு மாறினேன். அடுத்த பரிசோதனையில் ரத்தம் ஏறியிருந்தது! அந்தச் சீட்டை ஆலை முழுக்கக் காட்டினேன்.

சாயாவை நான் விடவில்லை. மாத்திரை போட்டபின் இரண்டு மணி நேரம் அதைக் காக்கவைக்கிறேன். பக்கத்தில் எவளாவது மாத்திரையோடு சாயா கிளாஸைத் தூக்கினால், "ஏட்டி, கீழ வை!" என்பேன். அந்தச் சத்தம் இப்போது வாசல் கேட் வரை கேட்கிறது.